பாலமோர் வரியைப் படித்துவிட்டு மலை ஏறுங்கள்

நாகர்கோவில் பதிப்பு நாளிதழ் வாங்குகிற யாருக்கும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தி பழக்கம். மழைக்காலத்தில் தவறாமல் வரும். பாலமோர், சுருளோடு, பெருஞ்சாணி, பேச்சிப்பாறை, புத்தன் அணை, பூதப்பாண்டி, தக்கலை, குழித்துறை, மயிலாடி, கொட்டாரம் என்று ஊர் ஊராக மழை அளவு மில்லிமீட்டரில் ஓடும். கடைசியில் அணைகளின் நீர்மட்டம். பெரும்பாலானவர்களின் கண் நேராக அந்தக் கடைசி வரிக்குத்தான் போகும். பேச்சிப்பாறை 48 அடியில் எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடியில் எவ்வளவு, கும்பப்பூ நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்பதே நாஞ்சில் நாட்டின் கவலை.

மலையேறக் கிளம்புகிறவர் படிக்க வேண்டியது வேறு வரி. பாலமோர் வரி.

கொட்டாரம் கன்னியாகுமரிக்கு முந்தின ஊர். பாலமோர் கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து மலையில் எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. பறவை பறக்கிற கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். கொட்டாரத்தில் ஒரு துளிகூட விழாத நாளில் பாலமோரில் இரட்டை இலக்க மழை பெய்திருக்கும். ஒரே மாவட்டம், ஒரே நாள், வானம் மட்டும் வேறு. நம் கைப்பேசி காட்டுவதோ 'நாகர்கோவில்: 31 டிகிரி, ஓரளவு மேகமூட்டம்' என்ற ஒற்றை வரி. அதை நம்பி அகத்தியர் மலைக்கும் மாறாமலைக்கும் காளிகேசம் காட்டுக்கும் கிளம்புகிற இளைஞர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருகிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. முறையான அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. மலைக்கு என்று தனியாக ஒரு வானிலை உண்டு என்பது மட்டும் இன்னும் நம் மண்டையில் ஏறவில்லை.

170 ஆண்டுக்கு முன்னால் ஒருவர் கேட்ட கேள்வி

கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம். மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். அதன் பொறுப்பை 1852-இல் ஏற்க வந்தவர் ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காந்தப்புலமும் காற்றழுத்தமும் மணிக்கு மணி எப்படி மாறுகின்றன என்று அளப்பது அவர் வேலை. திருவனந்தபுரத்தில் அளந்துகொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி வந்தது. கீழே அளப்பதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

ஊகிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், 1855-இல், அகத்தியர் மலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். இன்றைக்கும் அங்கே போக இரண்டு நாள் நடக்க வேண்டும், கடைசிப் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். ஆனைக்காட்டின் வழியே மரமும் கருவிகளும் தலைச்சுமையாகப் போயின. காற்றும் குளிரும் அறைகிற அந்த உச்சியில் ஆள் உட்காரவைத்து அளவெடுத்தார். அதே நேரத்தில் கீழே திருவனந்தபுரத்திலும் அளவெடுக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் கணக்குகள் 1874-இல் பெரிய நூலாக வெளிவந்தன.

1,868 மீட்டர் உயர உச்சியில் உட்கார்ந்து அளவெடுக்க வேண்டும் என்று 1855-இல் தோன்றியிருக்கிறது. கையில் செயற்கைக்கோள் படம் வைத்திருக்கும் நாம் மலைக்குப் போகும்போது கீழே இருக்கிற ஊரின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். இது எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை.

மேகம் எங்கே தொடங்கும்?

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கைவைக்கிற மாவட்டம் இது. இரண்டுக்கும் நடுவே சித்திரை, வைகாசியில் இடியோடு கோடை மழை வேறு. மூன்று பக்கம் கடல், வடக்கே சுவர் மாதிரி மலை. அரபிக்கடலிலிருந்தும் வங்கக்கடலிலிருந்தும் வருகிற ஈரக்காற்று அந்தச் சுவரில் மோதினால் அதற்குப் போக ஒரே வழி, மேலே. ஏற ஏறக் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. மேகமாகும், சாரலாகும், மழையாகும். கீழே வெயில் அடிக்கும்போதே இத்தனையும் நடந்துவிடும்.

இதை வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். பல வானிலை ஆப்களில் 'டியூ பாயின்ட்' என்று ஒரு எண் இருக்கும். தமிழில் பனிநிலை. காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகத் திரளும் என்பதை அது சொல்கிறது. வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழியுங்கள். வருகிற எண்ணை 125-ஆல் பெருக்குங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி தொடங்கும் என்பது கிடைத்துவிடும்.

பகலில் நாகர்கோவிலில் வெப்பநிலை 30, பனிநிலை 24 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. 125-ஆல் பெருக்கினால் 750 மீட்டர். மகேந்திரகிரி 1,600 மீட்டரைத் தாண்டிய மலை. அதாவது அதன் மேல்பாதி முழுக்க மேகத்துக்குள் இருக்கும். உச்சியில் நிற்பவருக்குப் பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆள் தெரியமாட்டார். கீழே வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கோ அது 'ஓரளவு மேகமூட்டம்' மட்டுமே. பனிநிலை 18-க்கு இறங்கினால் வித்தியாசம் 12, மேகம் 1,500 மீட்டருக்குப் போய்விடும். மலையின் பெரும்பகுதி தெளிந்து கிடக்கும். பகலில் காற்று நன்றாகக் கலந்திருக்கும் நேரத்துக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். விடியற்காலைக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஆனாலும் ஒற்றை வரி முன்னறிவிப்பைவிடப் பல மடங்கு உதவும்.

குளிருக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். நாகர்கோவிலில் 30 என்றால் அகத்தியர் மலை உச்சியில் சுமார் 18. ஊட்டிக்குப் போனவர்களுக்கு 18 டிகிரி பெரிய குளிராகத் தோன்றாது. சட்டை நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் நிலைமை வேறு. நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கை நடுங்கும், பேச்சு குழறும், கயிற்றைப் பிடிக்கிற விரலில் பிடி இருக்காது. உறைபனி இல்லாத மலையிலும் குளிர் ஆளைச் சாய்த்துவிடும்.

காற்றைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் கண்முன்னே நிற்கின்றன. மலைத்தொடரில் ஒரு இடைவெளி கிடைத்தால் காற்று அதில் நெருக்கியடித்துக்கொண்டு பாயும். மலை முகட்டிலும் அப்படித்தான். ஆகவே ஆப்பில் காற்றைப் பார்க்கும்போது தரைமட்டக் காற்றைப் பார்ப்பதில் பயனில்லை. 'விண்டி' போன்ற தளங்களில் உயரத்தைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. 850 ஹெக்டோபாஸ்கல் என்ற மட்டம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். நம் பக்கத்து மலைகளுக்கு அதுதான் பொருத்தம். கீழே மணிக்கு 10 கிலோமீட்டர் காட்டும் அதே நாளில் அந்த மட்டத்தில் 40 காட்டினால் யோசியுங்கள்.

நிறத்தை எப்படிப் படிப்பது

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு வந்துவிட்டால் பெரும்பாலும் வனத்துறையே பாதையை மூடிவிடும். சிக்கல் மஞ்சளில்தான். 'மஞ்சள்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்த மஞ்சள் அது. குளச்சல் கடற்கரைக்கும் பாலமோர் எஸ்டேட்டுக்கும் ஒரே நிறம். மாவட்டத்துக்கு மஞ்சள் என்றால் மலைக்கு அதை ஆரஞ்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணினி மாதிரிகளுக்கும் இதே தொல்லை இருக்கிறது. உலகம் முழுவதும் நம்பப்படும் ஐரோப்பிய மாதிரி பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. 2025 மே மாதம் இந்தியா கொண்டுவந்த 'பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்' 6 கிலோமீட்டர் கட்டம் வரை வந்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 6 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஓர் உச்சியும் இரண்டு பள்ளத்தாக்கும் ஒரு காட்டாறும் அடங்கிவிடும். கட்டத்துக்குள் எல்லாவற்றையும் தட்டி நிரவி, சராசரி உயரமாகத்தான் மாதிரி பார்க்கும். கூரான உச்சி அதன் கண்ணில் மொட்டையாகிவிடும்.

அதனால்தான் பாலமோர் வரி முக்கியம் என்கிறேன். அது ஊகம் இல்லை, மழைமானியில் விழுந்த தண்ணீர். அகத்தியர் மலைக்கோ பாபநாசம் பக்கத்துக்கோ போகிறவர்கள் திருநெல்வேலி மாவட்டப் பட்டியலில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய நான்கு பெயர்களைத் தேட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின மூன்று நாளும் அங்கே மழை இருந்தால், நாலாம் நாள் வானம் வெளுத்திருந்தாலும் பாறை வழுக்கும், ஓடை நிறைந்திருக்கும், அட்டை காலைச் சுற்றும்.

மேலே பெய்வது கீழே நிற்பவரைக் கொல்லும் என்பதற்கு நமக்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கூட்டம் சிதறி ஓடிய அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்தோம். காளிகேசத்தில் குளிக்க இறங்குகிறவர்களும் அதே வகைக் காட்டாற்றில்தான் நிற்கிறார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், கரையேற இருப்பது நிமிடக் கணக்குதான்.

தேதி முதலில், வானிலை பிறகு

அகத்தியர்கூடம் என்றும் அழைக்கப்படும் அகத்தியர் மலைக்கான பயணத்தைக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுவிலிருந்து நடத்துகிறது. வானம் தெளிவாக இருக்க வாய்ப்புள்ள மாதங்கள் என்பதால்தான் அந்தப் பருவம். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை முதல் நாள், உச்சிக்கு மறுநாள். ஆன்லைனில் இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். அதனால் நாகர்கோவில், மார்த்தாண்டம் நண்பர்கள் பல நாள் முன்னாலேயே தேதியைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தத் தேதியில் மழை வருமா என்று அப்போது உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. வெப்பமண்டலத்தில் மூன்று நாள் முன்னறிவிப்பை நம்பலாம், ஐந்து நாள் ஓரளவு, ஏழு நாளுக்கு மேல் போனால் பொதுவான போக்கு மட்டுமே தெரியும். 15 நாள் கழித்து மாலை நாலு மணிக்கு மழை என்று ஆப் காட்டுவதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பணம் கட்டியாகிவிட்டது, லீவு போட்டாகிவிட்டது, வேன் பேசியாகிவிட்டது. அந்த நிலையில் முந்தின இரவு முன்னறிவிப்பு கெட்டுப்போனால் எத்தனை பேருக்கு ரத்து செய்ய மனம் வரும்? வானிலையைப் பார்ப்பது எளிது. பார்த்ததற்குக் கட்டுப்படுவதுதான் கடினம்.

முந்தின இரவு பார்ப்பது ஏன் அவசியம் என்பதைக் குமரி மாவட்டம் 2017-இல் கொடுமையாகக் கற்றது. நவம்பர் 29 காலை இலங்கைக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை அது ஒக்கி புயல். வங்கக்கடலில் நாலைந்து நாள் சுற்றிவிட்டுக் கரைக்கு வருகிற புயல்களையே பார்த்துப் பழகியிருந்தோம். இது வீட்டு வாசலிலேயே உருவாகிவிட்டது. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆழ்கடலில் இருந்த மீனவர்களை எச்சரிக்கை எட்டவே இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கடற்கரை ஊர்கள் இழந்தவர்களின் பட்டியல் இன்னும் அந்த மக்களின் நெஞ்சில் இருக்கிறது. முன்னறிவிப்பு இருந்தால் மட்டும் போதாது, அது ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். கடலுக்கு உள்ள இந்த நியதி சிக்னல் இல்லாத காட்டுக்கும் பொருந்தும்.

புயல் மலைக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. புயல் முடிந்தது என்று நாம் நினைத்தோம். அதன் ஈரம் வடக்கே போய் இரண்டு நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயர தோரோங் கணவாயைச் சுற்றி 43 பேராவது இறந்தார்கள். மலையேற்றத்துக்கு மிக நல்ல மாதம் என்று பெயர் பெற்ற அக்டோபர் அது. பருவத்தை நம்பினார்கள், அந்த வாரத்தைப் பார்க்கவில்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்ர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் திரும்பவில்லை.

எவரெஸ்டுக்குப் போகிறவர்கள் இதில் துளியும் விளையாடுவதில்லை. 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் ஏறியபோது அந்தக் குழுவுக்கென்றே பி.பி.சி.யும் அகில இந்திய வானொலியும் தனி வானிலை அறிவிப்பு ஒலிபரப்பின. விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று உச்சியைத் தொட்டதும் மே மாதத்தில் மேல்வான் காற்று தணியும் அந்தச் சில நாளில்தான். அதற்காக முகாமில் நாள்கணக்கில் காத்திருப்பதும் மலையேற்றத்தில் ஒரு பகுதி என்று அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியது

காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு கண்ணும் காதும்தான் கருவி. இதில் நமக்கு ஆசான்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் வானத்தைப் பார்க்கிறார்கள். மரம் நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலி இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணி மக்களுக்கு மலை மூடுவதும் தெளிவதும் அன்றாடப் பாடம். வழிகாட்டியாக வருகிற காணிக்காரர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் ஏன் என்று வாதாட வேண்டியதில்லை. திரும்பிவிடுங்கள்.

கோடையில் மலை ஏறினால் பொழுது விடியும்போதே தொடங்கி நண்பகலுக்குள் இறங்கும் வழியில் இருக்க வேண்டும். காலையில் பஞ்சுப் பொதியாகத் தோன்றும் மேகம் பதினோரு மணிக்குள் மேல்நோக்கி வளரத் தொடங்கினால் பிற்பகலில் இடிக்கு வாய்ப்பு அதிகம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 நொடி எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மொட்டைப்பாறையிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் உடனே இறங்க வேண்டும். சிக்னல் உள்ள இடம் வரைக்கும் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டிக்கொடுக்கும்.

மழை இல்லாத நாளும் ஆபத்தில்லாத நாள் ஆகிவிடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 23 உயிரைக் குடித்தது மழை அல்ல. காய்ந்த புல்லும் காற்றும் தீயும். அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. இப்போது தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. அந்த அடைப்பையும் வானிலை எச்சரிக்கையாகவே மதிக்க வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் திருவண்ணாமலையில் மண்சரிந்து 7 பேர் இறந்தார்கள். சில நாளில் கார்த்திகைத் தீபம். மலை மண் இன்னும் ஊறிக்கிடக்கிறது என்று பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. தீபம் ஏற்றப்பட்டது, கூட்டம் கீழே நின்று கும்பிட்டது. பல லட்சம் பேரின் நம்பிக்கையோடு தொடர்புடைய மலையிலேயே அந்த முடிவை எடுக்க முடிந்ததென்றால், ஒரு வார இறுதிப் பயணத்தை ஒத்திவைப்பதில் என்ன கஷ்டம்?

அரசுக்கும் சில வேண்டுகோள். மலைப்பாதைக்குப் பணம் வாங்குகிற எந்தத் துறையும் அந்தப் பாதையின் உச்சியில் ஒரு தானியங்கி வானிலைக் கருவி வைக்க வேண்டும். வெப்பம், ஈரம், காற்று, மழை ஆகிய நான்கையும் மணிக்கொரு தடவை பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வானிலை கெட்டு ஒருவர் முந்தின நாள் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு தேதி தர வேண்டும். பணம் போய்விடுமே என்ற பயம்தான் பலரைக் கெட்ட வானத்திலும் மலைக்கு இழுத்துப்போகிறது. நுழைவாயிலில் அன்றைய முன்னறிவிப்பைத் தமிழில் எழுதி மாட்ட ஒரு கரும்பலகை போதும்.

இந்த ஜனவரியில் அகத்தியர்கூடத்துக்கு இடம் கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாள் முன்னால் ஒருமுறை, முந்தின மாலை ஒருமுறை, வண்டி ஏறுமுன் ஒருமுறை பாருங்கள். ஊத்து, நாலுமுக்கு மழை அளவைத் தேடுங்கள். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேகம் இறங்கினால் நீங்களும் இறங்கிவிடுங்கள். அடுத்த ஜனவரியிலும் வனத்துறை பாதையைத் திறக்கும்.